சோதித்தவர்: கிருசாந்தி

பரந்தன் சந்தியில் கணினி திருத்தும் கிருசாந்தியின் பெயர் உலகம் முழுக்கப் போகிறது என்றால் பக்கத்துத் தையற்கடை நேசமலர் சிரிப்பாள். ஆனால் உண்மை அதுதான். கணினியின் உறுப்புகளை இயக்கும் கேர்னல் என்ற மென்பொருளைப் பல நாட்டவர் கூடி எழுதுகிறார்கள். யாராவது ஒரு திருத்தம் அனுப்பினால், அதை ஓட்டிப் பார்த்தவரின் பெயரையும் அடியில் போடுவது அங்கே வழக்கம். ஊர் கழித்துவிட்ட பழைய மடிக்கணினிகளெல்லாம் கிருசாந்தியின் அலுமாரியில் இருந்தன. பதினொரு வருடத்தில் முப்பத்தேழு திருத்தங்களை அவற்றில் ஓட்டிப் பார்த்தே பெயர் கொடுத்தவள். பார்க்காமல் தலையாட்டுகிற சாதியில்லை அவள்.

ஒரு புதன்கிழமை முரசுமோட்டை விவசாயி வீரகத்தி, கமக்காரர் சங்கத்து மடிக்கணினியோடு வந்தார்.

"அப்டேட் போட்ட நாள் தொடக்கம், மூடி வைச்சா பிறகு எழும்புதில்லைப் பிள்ளை."

"வைச்சிட்டுப் போங்கோ ஐயா, பாக்கிறன்."

நேற்று ஓடியது இன்று படுத்தால், இடையில் கேர்னலில் வந்த ஏதோவொரு திருத்தம்தான் காரணம். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் ஒன்றை ஓட்டுவது, பாதியைக் கழிப்பது, மிஞ்சியதில் மறுபடி நடு. இரண்டு நாளில் பதின்மூன்று தரம் ஓட்டினாள். கடைசியில் ஒரேயொரு திருத்தம் மிஞ்சியது.

எழுதியவன் நிரோஜன். வவுனியாவில் ஒன்றாகப் படித்தவன், இப்போது நோர்வேயில் வேலை. 'ஒருக்காக்கூட ஓட்டிப் பாக்காமல் அனுப்பியிருக்கிறான், விசரன்' என்று திட்டிக்கொண்டே கீழே பார்த்தாள். சோதித்தவர்: கிருசாந்தி. அதை அவள் ஓட்டியதேயில்லை.

உடனே அவனுக்கு அழைத்தாள்.

"உன்ரை பேர் இருந்தா கேர்னல்காரர் கேள்வி கேளாமல் எடுப்பினம்," என்றான் நிரோஜன். "கேட்டிருந்தா நீ ஓம் எண்டுதானே சொல்லியிருப்பாய்?"

"ஓட்டிப் பாத்திட்டுத்தான் ஓம் எண்டுவன். அதாலைதானேயடா அவை கேள்வி கேக்கிறேல்லை!"

"ஒரு வரிக்கு இவ்வளவு கதையே? பெரிசாக்காதை."

நம்ப நட, நம்பி நடவாதே என்பார்கள். அவள் நம்ப நடந்தாள். அந்த நம்பிக்கையை எடுத்துத்தான் அவன் விற்றிருந்தான். கேர்னல் எழுதுகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினாள்: 'இதை நான் சோதிக்கவில்லை. என் பெயர் என்னைக் கேட்காமல் போடப்பட்டது. இத்திருத்தத்தை நீக்குங்கள்.'

மறுநாள் காலை நீக்கிவிட்டார்கள். கூடவே, முகம் தெரியாத ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார்: 'அப்படியானால், உங்கள் பெயர் உள்ள மற்ற முப்பத்தேழும்?'

நியாயமான கேள்வி. அதனால்தான் அழுகை வந்தது.

பழைய மடிக்கணினிகளை இறக்கித் துடைத்தாள்.

"என்ன, பழசுகளை விக்கப்போறியே?" என்றாள் நேசமலர்.

"இல்லையக்கா. முதலிலையிருந்து எல்லாத்தையும் திருப்பி ஓட்டப்போறன்."

முதலாவது திருத்தமும் நிரோஜன் எழுதியதுதான். பதினொரு வருடத்துக்கு முன்பு, அவள் அதை ஓட்டி முடிக்கும்வரை பக்கத்துக் கதிரையில் பொறுமையாகக் காத்திருந்தான்.