பூரா கோல்னா

பம்பாய் மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த வீட்டில் வெந்நீருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மாமனார், அப்புறம் என் கணவர், அப்புறம் மைத்துனர். குளியலறை மூலையில் இருந்த செப்பு பாய்லரில் கரி போட்டு மூட்டுவது என் வேலை. வெந்நீரை வாளியில் இறக்கி, பச்சைத் தண்ணீர் கலந்து, உடம்பு பொறுக்கும் சூட்டுக்கு வெளாவி வைப்பது மாமியாரின் வேலை. மாமனார் துண்டோடு உள்ளே நுழையும்போது வாளி தயாராக இருக்க வேண்டும். தன் கையால் அவர் வெளாவிக்கொண்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மூன்று ஆண்பிள்ளைகளும் குளித்த பிறகு பாய்லரில் மிஞ்சுவதை வெதுவெதுப்பு என்று சொன்னால் அது பாய்லருக்குப் பெருமை. மாமியார் அதில்தான் குளிப்பார். கடைசியில் நான். எனக்குச் சின்ன வயது, பச்சைத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. கோபம் மட்டும் வரும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழியில் மாமியாரின் விரல்கள் வீங்க ஆரம்பித்தன. பம்பாய்க் குளிரைக் குளிர் என்று சொன்னால் வடக்கத்தியர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் வாத உடம்புக்கு அது போதும். அவரால் புடவையைப் பிழிய முடியவில்லை, டப்பா மூடியைத் திருக முடியவில்லை. தினமும் நல்ல சூட்டில் குளிக்க வேண்டும், விரல்களை வெந்நீரில் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அங்கே தலையை ஆட்டிவிட்டு வந்த மாமியார், மறுநாளும் எல்லோருக்கும் வெளாவி வைத்துவிட்டு மிச்சத்தில் குளித்தார்.

"நீங்க முதல்ல குளிச்சுடுங்கோளேன், அம்மா" என்றேன்.

"ஆம்பளைகள் ஆபீஸ் போக வேண்டாமா?" என்றார்.

அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சில்லை.

அந்தச் சமயத்தில் என் கணவருடைய கம்பெனியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி சாமான்களை விற்றுவிட்டுத் தன் நாட்டுக்குக் கிளம்பினார். அவர் வீட்டுக் குளியலறையில் இருந்த கேஸ் கீஸரை இவர் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மாவுக்காகத்தான் வாங்கினார். அதற்குத் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்தால் உள்ளே நெருப்பு பற்றிக்கொள்ளும், தண்ணீர் போகிற போக்கிலேயே சூடாகிவிடும். மூடினால் நெருப்பும் அணைந்துவிடும்.

"அப்போ வெந்நீர் எங்கே தங்கும்?" என்று மாமியார் கேட்டார். எங்கேயும் தங்காது என்று தெரிந்ததும் அவருக்கு நம்பிக்கை பாதி போய்விட்டது.

எங்கள் கட்டடத்தில் சமையலுக்குக் குழாய் வழியாக கேஸ் வந்துகொண்டிருந்தது. ஃபிட்டர் ஒருவர் வந்து அதிலிருந்து ஒரு கிளை எடுத்து, சுவரைத் துளைத்து, கீஸரை மாட்டினார். உள்ளே குன்றிமணியளவு ஒரு சுடர் எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது. மைத்துனர் அதற்குக் கேலியாக அணையா விளக்கு என்று பெயர் வைத்தார். மாமியார் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு கீஸரின் நெற்றியில் குங்குமம் வைத்தார். கெட்ட காற்று வெளியே போக வேண்டும், ஜன்னலை மூடாதீர்கள் என்று ஃபிட்டர் இந்தியில் விளக்கினார். அப்புறம் வேறு என்னவோ சொன்னார். கிளம்பும்போது, "பூரா கோல்னா, சாப், ஹமேஷா பூரா கோல்னா" என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். மாமனார் "அச்சா, அச்சா" என்றார். பாதி ஆயுளைப் பம்பாயில் கழித்தவருக்கு இந்தியில் அந்த ஒரு வார்த்தைதான் சரளம்.

எப்போதும் முழுசாகத் திற என்று சொல்கிறார், அது எங்களுக்குப் புரிந்தது. எதை என்பதில்தான் கோட்டை விட்டோம். ஜன்னலை என்று எடுத்துக்கொண்டோம்.

குழாயை முழுசாகத் திறப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாத காரியம். தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அதனால் மாமனார் எந்தக் குழாயையும் நூலாகத்தான் திறப்பார். பிள்ளைகளையும் அப்படியே பழக்கியிருந்தார். மறுநாள் விடியலில் ஜன்னலை ஆவென்று திறந்து வைத்துவிட்டு, கீஸர் குழாயை நூலாகத் திறந்தார். சூடேறாமல் பச்சைத் தண்ணீராகவே வந்தது. குறைத்தால் சூடு ஏறும் என்று நினைத்து இன்னும் குறைத்தார்.

"டேய்! சுத்த ஏமாத்து வேலைடா இது! ஐஸ் மாதிரி வரது!"

உள்ளேயிருந்து வந்த குரல் நடுங்கியது கோபத்தாலா குளிராலா என்று சொல்ல முடியாது. என் கணவர் போய் அதே நூலைத் திறந்து பார்த்தார். மைத்துனரும் பார்த்தார். மூன்று பேரும் வாடைக் காற்றில் விறைத்ததுதான் மிச்சம். மறுநாளிலிருந்து நான் பழையபடி கரி மூட்டினேன். அந்தச் சுடரை அணைத்துவிடும்படி மாமனார் உத்தரவு போட்டார். ஆனால் தொட எல்லோருக்கும் பயம், அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் ஆண்கள் ஆபீசுக்குப் போன பிறகு, தண்ணீர் நிற்கும் நேரம் நெருங்கிவிட்டது. தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம் இன்னும் நிறையவில்லை. மாமியார் பதறிப்போய் இருக்கிற குழாய்களையெல்லாம் முழுசாகத் திறந்துவிட்டார். கெட்டுப்போன கீஸராக இருந்தாலும் குழாய் குழாய்தானே. குப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து ஓடினேன். குளியலறை முழுக்க ஆவி. மாமியார் வீங்கிய விரல்களைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார்.

"சுடறதுடி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தீரவே மாட்டேங்கறது" என்றார்.

குழாயை மெதுவாகத் திருகிப் பார்த்தேன். தண்ணீர் நூலானதும் நெருப்பு அணைந்தது. முழுசாகத் திறந்ததும் குப்பென்று பற்றிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் அவர்கள் வந்ததும் சொல்லிவிடலாம் என்றேன்.

"சொல்லாதே" என்றார் மாமியார். "சொன்னா மறுபடியும் வரிசை வந்துடும். தீராத வெந்நீர்னு தெரிஞ்சா அவா குளிச்சு முடிக்கறதுக்குள்ள தண்ணி நின்னுடும்."

நான் சொல்லவில்லை. காலையில் ஆண்களுக்குப் பாய்லர் மூட்டி, வெளாவி வைத்து, ஆபீசுக்கு அனுப்புவோம். அப்புறம் மாமியார் குளிக்கப் போவார். அவ்வளவு நேரம் அவர் குளித்து நான் பார்த்ததே இல்லை. சிவந்த முகத்தோடு வெளியே வருவார். விரல் வீக்கம் வடிந்து, மெதுவாகப் புடவையைப் பிழிய ஆரம்பித்தார். அவருக்குப் பிறகு நான் குளிப்பேன். அந்த வீட்டில் நான் வெந்நீரில் குளித்ததும் அப்போதுதான். பரம சந்தோஷமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குர்லாவிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் ஸ்பேனரோடு வந்து நின்றார். கீஸரைக் கழற்றி எடுத்துப் போக மாமனார்தான் சொல்லி அனுப்பியிருந்தார். மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குளியலறை வாசலை மறித்தார்.

"அதை எடுக்கப்படாது."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை யாருமே கேட்டதில்லை. "வேலை செய்யாததை வெச்சுண்டு என்ன பண்ணப்போறே?" என்றார் மாமனார்.

"எனக்குச் செய்யறது."

உள்ளே போய்க் குழாயை முழுசாகத் திறந்தார். குப்பென்று நெருப்பு பிடித்து ஆவி கிளம்பியது. என் கணவர் வாயைப் பிளந்தார். மாமனார் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தெரிஞ்சும் சொல்லலையா நீ?"

"உங்களுக்கு வெளாவி வெக்க நான் இருக்கேன்" என்றார் மாமியார். "எனக்கு இதுதான் இருக்கு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, மாமனார் அதை மூடச் சொல்லவில்லை. வியாபாரி ஒன்றும் புரியாமல் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தார். மாமனார் அவர் பக்கம் திரும்பி, மூலையில் இருந்த செப்பு பாய்லரைக் காட்டி, கீஸருக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்கிறீரா என்பதுபோல், "அச்சா?" என்று கேட்டார்.

அவரும் "அச்சா" என்று சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு போனார்.