அலைச் சத்தம் எந்தக் காதில்?

ஈர மணலில் சைக்கிள் டயர் ஓடும்போது ஒரு சத்தம் வரும். அப்பளத்தை மெதுவாக நொறுக்குகிற மாதிரி... ஐம்பதுகளில் எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

அப்போது எனக்கு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்று பேர் கிளம்பிவிடுவோம். நான், தண்டையார்பேட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த யூசுப், என்னோடு வேலை பார்த்த காத்திவாக்கம் ஏகாம்பரம். ஏகாம்பரம் வீட்டில் எல்லோருக்கும் கடல் தொழில். லீவு நாளில் அவனும் அண்ணனோடு கட்டுமரம் ஏறுவான்.

சைக்கிள்களைப் படகில் ஏற்றி அக்கரை போய், வடக்கே மிதிப்போம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல், நடுவில் சவுக்கும் முள்ளும் மண்டிய காப்புக்காடு. ஒரு சுள்ளி ஒடித்தால்கூடக் காவலர் பிடித்துக்கொள்வார். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஓரத்து மணல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டலாம்!

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பெண் பார்க்கிற நாளும்.

பெண் ராயபுரம். பெயர் சரோஜா. போட்டோவைப் பார்த்ததிலிருந்தே என் மனசு ராயபுரத்தில்தான் இருந்தது. சாயங்காலம் ராகு காலம் பிறப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். பெண்ணின் அப்பா ரயில்வே கார்டு. நேரம் தவறினால் அவருக்கு ஆகவே ஆகாது.

"மத்தியானத்துக்குள்ள வந்துடலாம் மாமு, நான் கீறேன் இல்ல?" என்றான் ஏகாம்பரம்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. சவுக்கு நிழலில் கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுக் கொஞ்சம் கண்ணசந்தோம். எழுந்து பார்த்தால் கடல் ஏறியிருந்தது. சைக்கிள் ஓட்டிவந்த மணலைக் காணோம். காட்டு வழியாகத்தான் திரும்ப வேண்டும். உள்ளே போனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி சவுக்கு. வானமோ மூட்டம், சூரியனே தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"எந்தப் பக்கம்பா?" என்றான் யூசுப்.

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினான். "வூட்டுக்குத் திரும்பறச்ச அலை சத்தம் சோத்தாங்கை பக்கத்துக் காதுலதான் கேக்கணும். கட்டுமரத்துல எத்தினி வாட்டி வந்துகீறேன்... வா நைனா!"

வலது காதில் சத்தம் கேட்கிற மாதிரி திரும்பினோம். மணலில் சைக்கிளை ஓட்ட முடியவில்லை, தள்ளினோம். முள் என் பேண்ட்டைக் கிழித்தது. ஒவ்வொரு டயராகக் காற்று இறங்க, யூசுப் தலையில் அடித்துக்கொண்டான். "கடை சைக்கிளுடா... பேஜாராப் பூட்சே!"

திடீரென்று மரங்கள் முடிந்தன. எதிரே கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தண்ணீர். அதில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள், இளஞ்சிவப்பாக... நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

"டேய் ஏகாம்பரம்... எண்ணூர்ல இதெல்லாம் ஏதுடா?" யூசுப்தான் முதலில் கேட்டான்.

சத்தம் கேட்டு வந்த காட்டுக் காவலர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "எண்ணூரா? அது அப்டிக்கா கீது. நீங்க பழவேற்காட்டாண்ட வந்துகீறீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டுமரத்தில் வருகிறவன் கடலுக்குள் இருக்கிறான். தெற்கே வீட்டுக்குத் திரும்பும்போது அலை உடையும் கரை அவனுக்கு வலது பக்கம். நாங்கள் கரையில் இருந்தோம். எங்களுக்கு அது இடது காதில் அல்லவா கேட்டிருக்க வேண்டும்!

ஏகாம்பரம் கடல் பக்கம் ஒரு தரம், காயல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். "நான் சொன்னது கரீட்டுதான் மாமு. நாமதான் தப்பான எடத்துல கீறோம்."

அடிக்கக்கூடத் தெம்பில்லை எனக்கு.

காவலர் நல்ல மனிதர். படகு பிடித்துச் சைக்கிள்களோடு அக்கரை அனுப்பினார். அங்கிருந்து மீன் லாரி. ராயபுரத்தில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சம்பந்தம் போயே போச்சு, ஒரு மன்னிப்பாவது கேட்டுவிட்டு வருவோம் என்றுதான் அந்த வீட்டு வாசலுக்குப் போனேன்.

உள்ளே எல்லோரும் இருந்தார்கள்! கார்டு பொறுமை இழந்து "நீங்க கெளம்பலாம்" என்று எழுந்த நேரம் ராகு காலம் பிறந்துவிட்டதாம். ராகு காலத்தில் யார் வாசல் தாண்டுவது? பஜ்ஜி தீர்ந்துபோய், பேச்சும் தீர்ந்துபோய், இரண்டு குடும்பமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கிழிந்த பேண்ட்டும் மீன் நாற்றமுமாக நின்ற என்னைக் கார்டு பார்த்தார். "ரயில் போன அப்பால டிக்கெட்டோட வந்து நின்னா இன்னா பிரயோசனம்?"

பொய் சொல்லவும் மூளை வேலை செய்யவில்லை. நடந்ததை அப்படியே ஒப்பித்தேன். உள்ளே டம்ளர் விழுகிற சத்தம், கூடவே அடக்க முடியாத சிரிப்பு. யாரும் கூப்பிடாமலே சரோஜா கதவருகே வந்தாள்.

"எந்தக் காதுல கேட்டுச்சி?"

வலது காதைத் தொட்டுக் காட்டினேன். மறுபடியும் சிரித்தாள். கார்டு மீசையைக் கையால் மறைத்துக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது.

அன்றிலிருந்து நான் எந்த முக்கில் தடுமாறி நின்றாலும் சரோஜாவுக்கு அதே கேள்விதான். "எந்தக் காதுல கேக்குது?"

போன மாதம் பேரன் எங்கள் இருவரையும் எண்ணூர் பக்கம் காரில் கூட்டிப்போனான். போனில் ஒரு பெண் குரல் வழி சொல்லிக்கொண்டே வந்தது. நாங்கள் சைக்கிள் தள்ளிய பக்கமெல்லாம் இப்போது புகைபோக்கியும் கன்டெய்னர் லாரியும்தான். ஏகாம்பரமும் இல்லை, யூசுப்பும் இல்லை. திரும்பும்போது போன் மௌனமாகிவிட்டது. பேரன் திருதிருவென்று விழித்தான்.

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "தாத்தாவைக் கேளுடா. எந்தக் காதுல கேக்குதாம்?"

நானும் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். லாரிச் சத்தம்தான்.

"ரெண்டு காதுலயும் கேக்கல சரோஜா."

"அப்ப எந்தப் பக்கமும் திரும்ப வேணாம், வூட்டாண்ட வந்துட்டோம்," என்றாள்.