இன்ஜின்காரருக்குக் கால் பிடித்த மாதம்

என் வாய் சும்மா இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் எழுதப்போவது அந்த வாயை ஒரு மாதம் பூட்டி வைத்த கதை.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்துக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் எங்கள் வாடகை வீடு. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தேன். என் கணவர் இழுவைப் படகில் இன்ஜின் பார்ப்பவர். தேயிலைப் பெட்டிகள் ஏற்றிய தட்டைப் படகுகளைக் கரையிலிருந்து கப்பலடிக்கு இழுத்துக்கொண்டு போவது அந்தப் படகின் வேலை. குசினிக் கதவு மாதக்கணக்கில் கீச்சிட்டாலும் என் மனிதர் ஒரு சொட்டு எண்ணெய் விடமாட்டார். படகு இன்ஜினை மட்டும் கைக்குழந்தை மாதிரிப் பார்ப்பார்.

வருடத்துக்கு ஒருமுறை துறைமுகத்து வேலைக்காரரை டாக்குத்தர் சோதிப்பார். அந்த முறை சோதனை முடிந்து வந்தவர் போட்டிருந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டார். நான் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது.

“பிறசர் கூடவாம். குளிசை தந்தவர். உப்பைக் குறைக்கட்டாம், நல்லா நித்திரை கொள்ளட்டாம். ஒரு மாதத்திலை திரும்பப் பாப்பாராம். இறங்காட்டி இன்ஜினடிக்கு விட ஏலாதாம். கரையிலை ஸ்டோரிலைதான் போடுவினமாம்.”

“ஸ்டோர் எண்டால் நிழல்தானே?” என்றேன்.

“கரையிலை இருந்து நான் என்ன செய்யிறது?” என்றார்.

அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. எனக்கும் பயம் பிடித்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். டாக்குத்தரை ஏசினேன், கருவாட்டை ஏசினேன், வீட்டிலிருந்த ஊறுகாய்ப் போத்தல்களையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் கிண்ணியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முஸ்லிம் பெண். அக்கா என்பதை அவர்கள் சொல்கிறபடி நான் ராத்தா என்று கூப்பிடுவேன். ஊறுகாயை வாங்கிக்கொண்டு கதையைக் கேட்டவர், உள்ளே போய் ஒரு போத்தல் எண்ணெயோடு வந்தார். “தங்கச்சி, குளிசையும் குடுங்க, அந்திக்கு இதக் கால்லயும் பிடரியிலயும் பூசி நல்லா அமத்தி உடுங்க. ஒடம்பு இளகினா நித்திர வரும்” என்றார்.

அன்று மாலையே பூசினேன். உள்ளி, ஓமம், இன்னும் என்னென்னவோ போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். மணம் கனமாக இருந்தது. எங்கோ பழகிய மணம் என்று தோன்றியது, யோசிக்கவில்லை. மனிதர் பத்து நிமிடத்தில் குறட்டை விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மாலை அவர் கையில் ஒரு கடதாசிச் சரை கற்கண்டு.

“என்ன இது?”

“படகிலை தந்தவங்கள். பிள்ளைக்காம்.”

“எந்தப் பிள்ளைக்கு?”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ராத்தாவின் மகள் போன மாதம்தான் பிள்ளை பெற்றிருந்தாள். அது பிள்ளை பெத்த பெண்ணுக்குப் பூசும் எண்ணெய்! எங்கள் பக்கத்தில் அந்த மணம் தெரியாத வீடு கிடையாது. எந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது அது மூக்கில் பட்டாலும், உள்ளே பச்சைப்பிள்ளை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்த மணத்தோடு இவர் விடியற்காலையில் படகில் ஏறியிருக்கிறார். எங்கள் மூத்தவளுக்கு அப்போது கல்யாணம் பேசும் வயது.

“‘என்னண்ணை, இந்த வயசிலையோ?’ எண்டு கேக்கிறாங்கள். ஒருத்தன் ‘பெடியனோ பெட்டையோ?’ எண்டான். நான் பேசாமல் இருந்தனான். அதுவே வினையாப் போச்சு. வெக்கப்படுறன் எண்டு நினைச்சிட்டாங்கள்” என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்குத்தரிடம் போய்வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். நானும் ராத்தாவும் வேலியைப் பிடித்துக்கொண்டு வயிறு நோகச் சிரித்தோம். கற்கண்டு ராத்தாவின் பேரப்பிள்ளை பெயரால் எங்கள் வாய்க்குள் போனது.

பிறகு நானே எண்ணெய் காய்ச்சினேன். தேங்காயெண்ணெயில் வெட்டிவேரும் காயவைத்த தேசிக்காய்த் தோலும். அந்த மணத்தைப் படகில் யாரும் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

எண்ணெய் சரியாக வந்தது, ஆனால் நித்திரை வரவில்லை. ஏனென்று கைதான் கண்டுபிடித்தது. முதல் நாள் எண்ணெய்ப் புதினத்தில் கதையை மறந்திருந்தேன்; மற்ற நாளெல்லாம் கதைத்துக்கொண்டேதான் கால் பிடித்தேன். குழாயில் தண்ணீர் வராத கதை, பள்ளிக்கூடத்தில் ஊசி களவு போன கதை, மூத்தவளைக் கேட்டு வந்த பாலையூற்று மாப்பிள்ளை வீட்டாரின் கதை. ஒவ்வொரு கதைக்கும் அவர் கால்விரல்கள் சுருண்டன. வாய் மட்டும் “ஓம், ஓம்” என்றது. சீதனம் என்று நான் சொன்னபோது பெருவிரல் கல்லாகிவிட்டது. நான் சட்டென்று நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

அன்றிலிருந்து வாய்க்குப் பூட்டு. அது எவ்வளவு பெரிய பாடு என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கார அம்மா வந்து சண்டை பிடித்துவிட்டுப் போன நாளில்கூட ஒரு சொல் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் குதிக்காலை அமத்தினேன். அவர் நித்திரையானபின் குசினிக்குப் போய்ச் சட்டிபானையோடு கதைத்தேன்.

மாதம் முடிந்தது. டாக்குத்தரிடம் நானும் கூடப் போனேன். பிறசர் பார்க்கும் கைப்பட்டியைக் கட்டிப் பார்த்தவர் தலையாட்டினார். “நல்லா இறங்கியிருக்கு. குளிசையை விடாதேங்கோ. நீங்கள் படகிலையே நிக்கலாம்.”

குளிசையா, உப்பில்லாத சோறா, வெட்டிவேரா, எது இறக்கியது என்று எனக்குத் தெரியாது. நெஞ்சு நிறைந்துபோய்க் கதிரையை விட்டு எழும்பினேன். அறை ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் என்னைப் பிடித்து இருத்தினார். டாக்குத்தர் அதே பட்டியை என் கையில் கட்டினார், இரண்டாந்தரமும் கட்டினார். என் மனிதருக்கு முதலில் இருந்ததைவிட எனக்குப் பிறசர் கூடுதல். எனக்கும் குளிசை எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் மனிதர் முன்கதவைச் சாத்திக் கொழுக்கி போட்டார். ஜன்னலையும் சாத்தினார். வெட்டிவேர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு என் காலடியில் நிலத்தில் இருந்தார்.

நான் காலை இழுத்துக்கொண்டேன். “விசரே உங்களுக்கு? புருஷன் பெண்சாதியின்ரை காலைப் பிடிக்கிறதோ? பாவம் எனக்குத்தான் வரும்!”

“காலைத் தாரும்.”

“ஆரும் கண்டால்?”

“அதுக்குத்தானே கதவைச் சாத்தினனான்.”

இன்ஜின் எண்ணெய் நகத்துக்குள் ஏறிப்போன அந்தக் கை என் பாதத்தைப் பிடித்தது. எனக்கு உடம்பு கூசியது. கைக்கு நல்ல பிடி இருந்தது, ஆனால் நோகவில்லை. நான் பழக்கதோஷத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் படகிலை நிக்கவேணுமெண்டுதானே நீர் ஒரு மாதம் எல்லாத்தையும் உமக்குள்ளை வைச்சிருந்தனீர்? எனக்குத் தெரியும். குசினியிலை நீர் சட்டியோடை கதைச்சதெல்லாம் படுத்திருந்து கேட்டனான். இப்ப எனக்குச் சொல்லும்.”

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. வீட்டுக்கார அம்மாவிலிருந்து தொடங்கினேன். அவர் பிடித்துக்கொண்டே இருந்தார். இந்த முறை “ஓம், ஓம்” என்று மட்டும் சொல்லவில்லை. “பிறகு அவ என்ன சொன்னவ?” என்று கேட்டார்.