படுக்கையில் கிடந்தவள் பறித்த கொழுந்து

கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. பதுளைக் கடைவீதியில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடி அறை அது. கொழும்புத் தமிழ் நாளிதழ் ஒன்றின் நிருபராக அங்கேதான் நான் இருந்தேன். அவர் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். மலையில் அட்டை ஏறாமலிருக்கக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது அவர் வழக்கம். டவுனுக்கு வரும்போதுகூட அதை எடுத்துவிட மறந்திருந்தார்.

"தம்பி, இத பேப்பர்ல மட்டும் போட்டுறாதீங்க" என்றார் எடுத்த எடுப்பில். எதை என்று நான் கேட்க வேண்டியிருந்தது.

தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் மலையில் வேலை வாங்கி நாள் பதிபவர். என் அக்கா அவருடைய மேற்பார்வையில்தான் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் வயிற்றுவலி தாங்காமல் மலையிலேயே சுருண்டு விழுந்து, பதுளை அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். பித்தப்பையில் கல். அறுத்து எடுக்க வேண்டும், ஆனால் வரிசையில் முன்னால் பலர் இருக்கிறார்கள், மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் டாக்டர். இடையில் பித்தப்பை சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து, முடிந்தால் வெளியில் செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார். வெளியில் என்றால் தனியார் ஆஸ்பத்திரி. அந்தச் செலவு எங்கள் இருவர் சக்திக்கும் அப்பாற்பட்டது. அப்போதுதான் அக்காவின் சம்பளத் துண்டில் மாதாமாதம் 'காப்புறுதி' என்று ஒரு சிறு தொகை கழிக்கப்படுவது என் கண்ணில் பட்டது. தோட்டக் கம்பனி நிரந்தரத் தொழிலாளர்களுக்கு எடுத்திருந்த கூட்டு மருத்துவக் காப்புறுதி அது. தொழிற்சங்கச் சந்தாவோடு சேர்த்து இதையும் பிடிக்கிறார்கள் என்று அக்கா இரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தாளே தவிர, அதனால் என்ன கிடைக்கும் என்று அவளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

விண்ணப்பப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். முதல் பகுதி அறுவைச் சிகிச்சைக்கு. இரண்டாம் பகுதி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்கான நாள் கொடுப்பனவுக்கு. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்பது பத்திரிகை வேலை பழக்கிவிட்ட குணம். இரண்டையும் நிரப்பி, அந்த மூன்று நாட்களின் தேதிகளையும் துல்லியமாக எழுதி அனுப்பினேன். அதற்கு வந்த பதிலைத்தான் கணக்கப்பிள்ளை கொண்டுவந்திருந்தார். குறிப்பிட்ட மூன்று நாட்களும் இவர் வேலைக்கு வரவில்லை என்பதைத் தோட்ட அலுவலகம் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று அதில் இருந்தது.

"அந்த மூணு நாளும் நான் ஒங்க அக்காவுக்குப் பேர் போட்டுட்டேன், தம்பி."

பேர் போடுவது என்றால் வேலைக்கு வந்ததாகப் பதிவேட்டில் நாள் குறிப்பது. வராதவளுக்கு எப்படிப் போட முடியும், கொழுந்து நிறுக்க வேண்டுமே என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அக்காவோடு வேலை செய்யும் பெண்கள் தங்கள் கூடைகளிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி, இரண்டு பிடி எடுத்துக் கொட்டி, அவள் பங்குக்கு நிறை வருமளவு சேர்த்திருக்கிறார்கள். பிள்ளைப்பேறு, காய்ச்சல், சாவு என்றால் அந்த மலையில் அப்படித்தான் செய்வார்களாம். அவரும் கண்டும் காணாதவராய் நிறுத்துப் பதிந்திருக்கிறார். தோட்டத்துக்கு ஒரு கிலோவும் நட்டமில்லை. ஆனால் காகிதத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த என் அக்கா அதே நாட்களில் ஆற்றோர மலையில் தினம் பதினெட்டுக் கிலோ பறித்திருந்தாள்.

அன்றே அவரோடு தோட்டத்துக்குப் போனேன். தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடங்களாக அந்த அலுவலகத்தில் இருப்பவர், சட்டையின் மேல் பொத்தானைக்கூடத் திறந்துவிடாதவர். பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"தம்பி, நான் பொய் எழுதமாட்டன். உண்மையை எழுதினால் உந்த மனுசன் வேலையை விட்டு வீட்டை போகோணும். உம்மடை அக்காவும் கள்ளக் கணக்குக் காட்டினவள் எண்டு ஆகும். ஒரு கிழமை பொறுக்கிறன். அதுக்குள்ள ஏதும் வழி இருந்தால் பாரும்."

கணக்கப்பிள்ளை வாசலுக்கு வெளியே நின்றார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் அந்த வருடம்தான் பரீட்சை எழுதவிருந்தாள்.

காம்பரா எனும் ஓரறை வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் காம்பராக்காரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்தத் தோட்டத்துலயே படுத்துக்கிட்டு பதினெட்டுக் கிலோ எடுத்தவ நீ ஒருத்திதான்டி" என்றாள். அக்கா சிரிக்கப் போய், வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போட்டுரு. எனக்கு ஒண்ணும் வேணாம்."

"வரிசையில காத்திருந்து என்னமாச்சும் ஆயிட்டா?"

"ஆனா ஆவட்டும். அந்த மனுசன் வயித்துல அடிச்சுட்டு என் வயித்த அறுத்துக்கச் சொல்றியா? பேப்பர்ல எழுதுறவன், இதுகூடத் தெரியல ஒனக்கு."

அடுத்த நாள் பஸ்ஸில் திரும்பும்போது காப்புறுதிக் கையேட்டை முதல் தடவையாக முழுதாக வாசித்தேன். முன்பு முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்ததாக நினைத்திருந்தேன். ஒரு செய்தியை அப்படி வாசித்து எழுதியிருந்தால் என் ஆசிரியர் அதைக் குப்பையில் போட்டிருப்பார். வழியில் பசறை வருவதற்குள் ஒன்று புரிந்தது. அறுவைச் சிகிச்சையும் நாள் கொடுப்பனவும் ஒரே படிவத்தில் அச்சடிக்கப்பட்ட இரண்டு தனித்தனிக் காப்புகள். நாள் கொடுப்பனவு இழந்த கூலிக்கானது, அதற்குத்தான் வேலைக்கு வராத சான்று. அறுவைச் சிகிச்சைக்கு டாக்டரின் கடிதம், ஸ்கேன், திட்டத்தில் உறுப்பினர் என்ற உறுதி, இவ்வளவும்தான். பித்தப்பைக் கல்லுக்கு முதல் ஒரு வருடம் பணம் கிடையாது என்ற வரியும் இருந்தது. அக்கா அதைத் தாண்டியிருந்தாள். அவள் திட்டித்திட்டிக் கட்டிய இரண்டு வருடமும் வீண்போகவில்லை.

பதுளையிலிருந்த காப்புறுதிக் கிளைக்கு நேரே போனேன். பொறுப்பிலிருந்த சிங்களப் பெண்மணி நிதானமானவர். இரண்டாம் பகுதியை மட்டும் திரும்பப் பெறலாமா என்று கேட்டேன். ஏன் என்றார். அந்த நாட்களுக்கு அக்காவுக்குக் கூலி கிடைத்துவிட்டது என்றேன். அது உண்மை. அப்படியானால் அதைக் கேட்கவே கூடாது, நல்ல வேளை சொன்னீர்கள், திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுங்கள் என்று ஒரு வெள்ளைத்தாளை என் முன் தள்ளினார். வேறெதுவும் கேட்கவில்லை. அறை வாடகைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு, அதற்கு மேல் போனால் நாங்கள் கட்ட வேண்டும், முன்பு எடுத்த ஸ்கேனுக்குப் பணம் வராது என்று அவராகவே விரல்விட்டுச் சொன்னார். நான் நிருபர்களுக்கே உரிய நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். காப்புறுதி என்றால் எல்லாம் கிடைக்கும் என்றோ, ஒன்றும் கிடைக்காது என்றோதான் அதுவரை எங்கள் ஆட்களும் நானும் நம்பியிருந்தோம். எது, எவ்வளவு, எதற்குப் பிறகு என்று கேட்டதில்லை.

பெரிய கிளாக்கர் காப்புறுதிக் கிளை அனுப்பிய புதிய கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். இப்போது அவரிடம் கேட்கப்பட்டிருந்தது ஒரே கேள்வி, இவர் திட்டத்தில் உறுப்பினரா என்பது.

"இந்தக் கேள்விக்கு என்னட்டை உண்மையான மறுமொழி இருக்கு" என்று பேனாவைத் திறந்தார். கையெழுத்து வைத்துவிட்டு, வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டார். "இஞ்ச பாரும். இனி ஆஸ்பத்திரியில கிடக்கிற வருத்தக்காரருக்கு இரக்கப்படுறதெண்டால் வீட்டை போய்ச் சோறு குடும். என்ரை பதிவேட்டில இரக்கப்படாதையும்." அப்போதுதான் கணக்கப்பிள்ளையின் தோள்கள் கீழே இறங்குவதைப் பார்த்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். கிளாக்கர் வேறு பக்கம் பார்த்தார்.

நான் அதைச் செய்தியாக எழுதவில்லை. என் தொழிலில் நான் தெரிந்தே விட்ட செய்திகளில் அதுவும் ஒன்று. இன்று கிளாக்கரும் கணக்கப்பிள்ளையும் வேலையை விட்டு ஓய்ந்துவிட்டார்கள், சொல்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை. இப்போதும் யாராவது காப்புறுதிக் காகிதத்தோடு என்னிடம் வந்தால், நிரப்புவதற்கு முன் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறேன்.

அன்று காப்புறுதிக் கம்பனியின் அனுமதிக் கடிதம் பத்து நாளில் வந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை ஒரு முற்பகலில் முடிந்தது. சிறு கூழாங்கற்கள் போன்ற நான்கு கற்களை ஒரு போத்தலில் போட்டு என்னிடம் காட்டினார்கள். சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். பிற்பகலில் அக்காவைப் பார்க்க விட்டபோது கணக்கப்பிள்ளையும் வந்திருந்தார், கையில் ஒரு பால்மா பக்கற்றோடு. அக்கா மயக்கம் முழுதாகத் தெளியாமல் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. என்ன கேட்கிறாள் என்று நான் குனிய வேண்டியிருந்தது.

"ஐயா, இன்னைக்கு எனக்குப் பேர் போட்டுட்டீங்களா?"

கணக்கப்பிள்ளை பதறிப்போனார். "ஐயோ, இல்ல தாயி! வரலன்னுதான் போட்டிருக்கேன். நாளைக்கும் அப்பிடித்தான். கிளாக்கர் ஐயாவக் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டுத்தான் வந்தேன்."

"நல்லாருப்பீங்க சாமி" என்று அக்கா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை மாதங்களில் முதல் தடவையாக, கையை வயிற்றில் வைக்காமல் தூங்கினாள்.