உள்பக்கத் தையல்

அந்தத் தையல்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். கடைக்கு வரும் தொப்பைக்காரர்களை அவர் சும்மா விட்டதே இல்லை. "இதுக்கு மேல பிரிச்சு விடத் துணி இல்ல சார், சோத்தைக் குறைங்க" என்பார். திட்டும் வாங்கிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனுஷன் டாக்டரம்மா முன்னால் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

முதுகு வரை குத்தும் வயிற்றுவலி. புதிதாகச் சர்க்கரை வேறு. மலம் எப்படிப் போகிறது என்று கேட்டார் டாக்டரம்மா. பக்கத்தில் மனைவி. கட்டினவள் முன்னால் இதையெல்லாமா பேசுவது? "நல்லாத்தான் போகுது" என்று மழுப்பினார்.

"எடை குறைஞ்சிருக்கா?"

"இல்லம்மா."

"பழைய பேன்ட் எல்லாம் கச்சிதமாத்தானே இருக்கு" என்று மனைவியும் சாட்சி சொன்னாள்.

கணையத்தை எதற்கும் பார்த்துவிடலாம் என்று அடுத்த மாதம் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவசரமில்லையாம். நான் பயந்தே போயிட்டேங்க."

அவளுடைய நிம்மதியைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பு கூசியது. விறுவிறுவென்று திரும்பி உள்ளே போனார். அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

சட்டையைத் தூக்கி, பேன்ட்டின் இடுப்புப் பட்டியைப் புரட்டிக் காட்டினார். உள்ளே ஒன்றை அடுத்து ஒன்றாகத் தையல்கள்.

"மெலிய மெலிய நானே பிடிச்சுத் தைச்சுக்கிட்டேம்மா. எத்தனை பேரைக் கிண்டல் பண்ணியிருக்கேன், என்னைப் பார்த்துச் சிரிப்பாங்களேன்னு... வெளிக்குப் போறதும் சரியில்ல. வெளுத்து, எண்ணெயா மிதக்குது."

காது மடல் சுட்டது. மனைவி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. டாக்டரம்மா திட்டியிருந்தாலாவது தேவலை. அவர் போனை எடுத்து ஸ்கேன் அறையைக் கூப்பிட்டார். "கணையத்துல கட்டியா இருக்குமோன்னு சந்தேகம். அடுத்த மாசம் வரைக்கும் தாங்காது. இன்னைக்கே எடுங்க."

ஸ்கேன் அறை வாசலில் ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு, பேன்ட்டை மனைவியிடம் நீட்டினார். ஊர் நடுவே அம்மணமாக நிற்பதுபோல் இருந்தது.

"நான்தானே துவைக்கிறேன். என் கண்ணுல படவே இல்லையே" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் கன்றிப்போனது. பட்டிக்குள் மடிந்து கிடந்த துணியை விரலால் நீவினாள். "மிச்சத்தை வெட்டலையா?"

"திரும்பப் பிரிச்சு விட வேண்டியிருக்கும்னு வெச்சேன்." தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

உள்ளே கூப்பிட்டார்கள். அவள் பேன்ட்டை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"பிரிக்கிறதை நான் பிரிக்கிறேன். இனிமே ஒரு தையல் போட்டாலும் எங்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க."