சிவப்பு மையால் அடித்த அளவுகள்

பலூன்காரர் என்றால்தான் வானிலை அலுவலகத்தில் அவரைத் தெரியும். முப்பத்தொரு வருடம் தினமும் பலூனில் அளவுக்கருவியைக் கட்டி மேலே அனுப்பினார். அது அனுப்பும் வெப்பநிலையை வாரத்துக்கு ஒரு தாளாகக் குறித்தார். ஒரு எண்ணைக்கூட ஒப்புக்கு எழுதியதில்லை.

இருபது கிலோமீட்டருக்கு மேலே காற்று வருடா வருடம் குளிர்ந்துகொண்டே வந்தது. இயக்குநரிடம் சொன்னார். பூமி சூடாகும்போது மேலே குளிருமா என்று இயக்குநர் சிரித்தார். கரியமில வாயு கீழேயே வெப்பத்தையெல்லாம் விழுங்கிவிடுகிறது, மேலே இன்னும் கொஞ்சம் கூடினால் என்ன மாறிவிடப் போகிறது என்றார்.

பலூன்காரர் விடவில்லை. “பஸ்ஸுக்குள்ள நெரிசல்தான் சார். ஆனா இறங்க முடியுமாங்கிறது படிக்கட்டுல நிக்கிறவன் கையில இருக்கு. வெப்பத்துக்குப் படிக்கட்டு மேல இருக்கு. அங்க வாயு கூடக்கூட படிக்கட்டு இன்னும் உயரத்துக்கு, குளிர்ந்த இடத்துக்குப் போயிடும். அங்கேர்ந்து கம்மியாத்தான் வெளிய போகும். மிச்சம் நம்ம தலையில. அதுக்கும் மேல இருக்கிற வாயு தன் சூட்டையே வெளிய கொட்டிடுது, அதான் அங்க குளிருது.”

“பலூன் விடுறவருக்கு வாய் நீளம்” என்றார் இயக்குநர்.

அன்றிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேலே எடுத்த அளவுகளை இயக்குநர் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் காரணம் எழுதிக் கையெழுத்திட்டார். பலூன்காரரின் பதவி உயர்வும் அதோடு போயிற்று. கழித்த தாள்களை அவர் தம் வீட்டு அலமாரியில் வருடவாரியாக அடுக்கினார்.

அவர் இறந்தபோது இயக்குநர் எட்டிப்பார்க்கவில்லை.

பலூன்காரரின் மகள் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். அழுகையை ஒத்திவைத்துவிட்டு, நாற்பது நாள் அந்த எண்களைச் செயற்கைக்கோள் அளவுகளோடு ஒப்பிட்டாள். அரை டிகிரிகூடப் பிசகவில்லை. பிறகு காத்திருந்தாள்.

இயக்குநரின் பணி ஓய்வுக் கூட்டம் வந்தது. மேல்காற்று குளிர்வதை அந்தக் காலத்திலேயே தாம் கண்டுகொண்டதாக மேடையில் பெருமையடித்தார். கேள்வி உண்டா என்று கேட்டார்கள். அவள் எழுந்து போய் ஒரு தாளை அவர் முன்னே வைத்தாள்.

“இந்தச் சிவப்புக் கோடு உங்களோடதா சார்?”

அவர் கண்ணாடியைத் தேடினார். அவளே எடுத்துக் கொடுத்தாள்.

“ஓரத்துல எழுதினதை வாசிங்க.”

“கருவிக் கோளாறு” என்றார் அடிக்குரலில். “குறிப்பவர்... கவனக்குறைவானவர்.”

“பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல” என்று ஒலிவாங்கியை அவர் வாயருகே நகர்த்தினாள். “அவசரமில்ல. இன்னும் நானூத்திப் பன்னெண்டு தாள் இருக்கு.”