சுவர்ப் பக்கம் திருப்பிய திரை

எனக்குப் படிக்க வசதியாக எங்கள் வீட்டில் செய்த முதல் ஏற்பாடு ஒரு டியூப்லைட்தான். அப்பா அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணியை ஓடவிட்டு, ஓட்டையும் கறையும் கண்டுபிடிக்கிற வேலை. குண்டூசி முனையளவு ஓட்டைகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அவருக்குப் பிறந்த எனக்கோ பிறவியிலேயே பார்வை மங்கல். நாலாம் வகுப்பில் புத்தகத்து எழுத்தெல்லாம் எனக்குச் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டன. பிள்ளையால் படிக்க முடியவில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பியதும், அப்பா கம்பெனியில் கழித்துப்போட்ட கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அடியில் டியூப்லைட்டைப் போட்டு என் தமிழ்ப் புத்தகத்தை மேலே விரித்தார். துணிக்குச் சரிப்பட்டது தாளுக்குச் சரிப்படவில்லை. பின்பக்கத்து எழுத்தெல்லாம் முன்பக்கத்துக்கு ஏறி வந்து ஒன்றோடொன்று கட்டிப் புரண்டன.

"இப்பத் தெரியுதா கண்ணு?" என்றார்.

தெரிகிறது என்று சொல்லிவைத்தேன். அவ்வளவு பாடுபட்ட மனிதரிடம் வேறென்ன சொல்வது?

பிறகு டீச்சரே ஒரு வழி சொன்னார். டவுன் லைப்ரரியில் பார்வைக் குறைவானவர்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறதாம். கம்பெனி லீவான ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனார். பிரிவுக்கென்று ஒரு தனி அறை இருக்கத்தான் இருந்தது. அதில் கால் உடைந்த நாற்காலிகள் குடியிருந்தன. அதனால் எங்களுக்கான மிசினைப் பேப்பர் படிக்கிற ஹாலின் மூலையில் வைத்திருந்தார்கள். டிவி மாதிரி ஒரு திரை, அதன் கீழே ஒரு தட்டு. தட்டில் புத்தகத்தை வைத்து நகர்த்தினால் திரையில் ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு வந்து நிற்கும். 'ழ'வின் கீழ்ச்சுழியை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை குத்துமதிப்பாகத்தான் எழுதி வந்திருக்கிறேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. உள்ளங்கை அகல எழுத்து எனக்கு மட்டுமா தெரியும்? பேப்பர் படிக்க வந்தவர்கள் பேப்பரை மடித்துவிட்டு என் கதையைப் படித்தார்கள். நான் ஒரு வரியில் தடுமாறினால் பின்னாலிருந்து யாராவது எடுத்துக்கொடுத்தார்கள். "பாவம், பொட்டப்புள்ள, கண்ணு இப்பிடி" என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, என் குறை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்பா பக்கத்தில் இருந்ததால்தான் தாங்கினேன். என் நாற்காலியை ஒட்டி இன்னொன்றைப் போட்டுக்கொண்டு, நான் படிப்பதை முணுமுணுவென்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு வருவார். நான் தனியாகத் தெரியக்கூடாதே என்றுதான் கூடச் சேர்ந்து சொல்கிறார், என் வெட்கத்தில் பாதியை வாங்கிக்கொள்கிறார் என்று எனக்குள் ஒரு பெருமை. ஆனால் மனிதர் வேகமாகப் படிக்க விடமாட்டார்.

"மெல்ல நகத்து கண்ணு. அவசரமென்ன? போன வாரம் படிச்சதையே இன்னொருக்காப் படி."

என் கண்ணுக்கு வலிக்கும் என்று பயப்படுகிறார் என்று எண்ணி, அலுப்போடு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

இப்படியே சில வாரங்கள் போயின. ஒரு ஞாயிறு, நாங்கள் மும்முரமாக இருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அட, நீ எங்கப்பா இங்க?"

அப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வந்தவர் அவருடைய கம்பெனி சூப்பர்வைசர். மகளை லைப்ரரியில் சேர்க்க வந்திருந்தார். அவள் உயரத்தை வைத்துப் பார்த்தால் என் வயதுதான் இருக்கும்.

"சும்மாங்க... புள்ளையக் கூட்டியாந்தனுங்க. அதுக்குக் கண்ணு கொஞ்சம்..." என்று அப்பா இழுத்தார்.

"அடடா" என்றார் சூப்பர்வைசர். அந்தப் பெண் அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அவர்கள் போனதும் அப்பா லைப்ரரி அக்காவிடம் போனார். அவர் குரல் ஒருநாளும் இல்லாதபடி கம்மிப்போயிருந்தது.

"ஏனுங்க அம்மிணி, இந்த மிசினச் செவுத்துப் பக்கமாத் திருப்பி வெச்சுக்கலாங்களா? பாக்கறவீங்களுக்கு ஒண்ணும் தெரியாத மாதர..."

அக்கா தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இருவருமாக மேசையை இழுத்துத் திருப்பினார்கள். ஹாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரை சுவரைப் பார்த்து நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் பரிதாபப்பட்டபோது கூசிய உடம்பு அப்போது மரத்துப்போயிற்று. அப்பாவுக்கே நான் அவமானமாகிவிட்டேன், கம்பெனிக்காரர் முன்னால் என்னை மறைத்து வைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பஸ்ஸில் வீடு வரும்வரை அவரை விட்டு விலகி ஜன்னலை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு அப்பா காலையிலேயே குளித்துத் தயாராகிவிட்டார். நான் பாயைவிட்டு எழவில்லை. கண் வலிக்கிறது, வரமாட்டேன் என்றேன்.

"கொஞ்ச நேரம் போயிட்டு வந்தர்லாம் கண்ணு. இப்ப ஆரும் பாக்க மாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தை என்னை இன்னும் சுட்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் வாசல்வரை போனார், திரும்பி வந்தார்.

"நீ வர்லீன்னா அந்த மிசின் சும்மாதானே கெடக்கும்?"

நான் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் லைப்ரரிக்குப் போகவில்லை. அம்மா பாடத்தை வாசித்துக் காட்டினாள். பிற்பாடு செல்போன் வந்து எழுத்தைப் பெரிதாக்கியது, வாசித்தும் காட்டியது. எப்படியோ படித்து ஒரு வேலைக்கும் வந்துவிட்டேன். ஆனால் அப்பா என்னால் தலைகுனிந்தார் என்ற எண்ணம் மட்டும் முள்ளாகத் தங்கிவிட்டது. அவர் எதற்காவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நான் சற்று நகர்ந்தே உட்காருவேன்.

போன வருடம் சொந்தத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. என் போனில் சார்ஜ் இல்லை. கல்யாணம் எந்த மண்டபத்தில் என்று கேட்டு அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, அம்மா பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். கண்ணாடி போடாமல் இருந்தாரோ என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவீங்களுக்கு எங்க கண்ணு படிக்கத் தெரியும்?" என்றாள் அம்மா. "சின்னதுலயே அவீங்க ஊரு குண்டடத்துல ஆடு மேய்க்க வுட்டுட்டாங்க. நம்பர் தெரியும், கையெழுத்துப் போடுவாங்க, அவ்வளவுதான். உங்கூட லைப்ரரிக்கு வந்தப்பத்தான் நாலெழுத்துக் கூட்டப் பழகுனாங்க. அதை அந்தச் சூப்பர்வைசர் பாத்துட்டாருன்னு ஒரே வெசனம். மிசினத் திருப்பி வெச்சாச்சு, இனிப் பாப்பாகூட ஒக்காந்து மிச்சத்தையும் கத்துக்குவேன்னு எங்கிட்டச் சொன்னாங்க. அப்புறம் நீதான் போகமாட்டேன்னுட்டியே."

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அன்று வாசலுக்கும் என் பாய்க்குமாக அப்பா நடந்தபோது, என்னைக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். தன்னையும் கூட்டிப்போகச் சொல்லி, ஒரு பெரிய மனிதர் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.